பீரங்கிக்குப் பயந்து கட்டிய ஆலயம்: சென்னைக் கோட்டையின் புனித மேரி

வணக்கம் நண்பர்களே. இன்றைக்குச் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கிற புனித மேரி ஆலயத்தைப் பார்க்கப் போகிறோம். இந்தியாவில் இன்றும் நிற்கிற ஆங்கிலிகன், அதாவது இங்கிலாந்துத் திருச்சபை ஆலயங்களிலேயே இதுதான் மிகப் பழையது. இங்கே வருகிற எல்லாரும் முதலில் கோபுரத்தைத்தான் படம் எடுக்கிறார்கள். நான் கேமராவைக் கூரைப் பக்கம் திருப்புகிறேன். இந்த ஆலயத்தின் கதை அங்கேதான் இருக்கிறது.

உள்ளே நின்று அண்ணாந்து பாருங்கள். நீளவாக்கில் பிளந்த மூங்கிலைக் கவிழ்த்து வைத்தது போல மூன்று வளைவுகள், பக்கத்தில் பக்கத்தில். நடுவில் ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று. உத்தரம் இல்லை, மரச்சட்டம் இல்லை, எல்லாம் செங்கலும் சுண்ணாம்பும்தான். கூரையின் கனம் மட்டும் 2 அடி. வெளிச்சுவர் 4 அடி. கதவு, ஜன்னல் தவிர மரத்துக்கு இங்கே வேலையே கொடுக்கவில்லை. மேலே குண்டு விழுந்தால் தீப்பிடிக்க எதுவும் இருக்கக் கூடாது. வளைந்த செங்கல் கூரை தன் பாரத்தை இரு பக்கமும் தள்ளும். அந்தத் தள்ளலைத் தாங்கத்தான் சுவர் இவ்வளவு தடிமன்.

ஜெபம் செய்யும் இடத்துக்கு எதற்கு இப்படி ஒரு கூரை? இதை வடிவமைத்தவர் கோட்டையின் பீரங்கிப் படையில் இருந்த ஒருவர் என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். கூரையைப் பார்த்தால் எனக்கு அதில் சந்தேகம் வரவில்லை. வெடிமருந்துக் கிடங்கு கட்டத் தெரிந்த கை இது.

சரி, கட்டியது எப்போது? கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்த இடம் கிடைத்தது 1639இல். அதன் பிறகு ஏறக்குறைய 40 வருடம் அவர்களுக்குத் தனியாக ஆலயம் இல்லை. கோட்டைக்குள் இருந்த வீட்டின் சாப்பாட்டுக் கூடத்திலேயே ஆராதனை நடந்தது. ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர் ஆளுநராக வந்ததும் சந்தா வசூலித்தார். தன் பங்காக 100 வராகன் போட்டார். வராகன் என்பது அன்றைய தங்க நாணயம். மொத்தம் சேர்ந்தது 805 வராகன். கம்பெனி காசு கொடுக்கவில்லை. 1678 மார்ச் 25 அன்று வேலை தொடங்கியது. மரியாளுக்குத் தேவதூதர் செய்தி சொன்னதாகக் கொண்டாடும் திருநாள் அது. அதனால்தான் மேரி பெயர். 1680 அக்டோபர் 28 அன்று பிரதிஷ்டை.

சந்தா கொடுத்தவர்களைப் பற்றிப் பதிவு இருக்கிறது. செங்கல் அடுக்கியது, சுண்ணாம்பு அரைத்தது யார்? சுவரில் இவ்வளவு பளிங்குப் பலகை இருக்கிறதே, கொத்தனார் பெயர் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. இத்தனைக்கும் 300 வருடம் தாண்டி நிற்பது அவர்கள் வேலைதான்.

இங்கே நடந்த முதல் கல்யாணம் 1680 நவம்பர் 4. மாப்பிள்ளை எலிஹு யேல், மணமகள் கேத்தரின் ஹின்மர்ஸ் என்ற விதவை. யேல் பிற்பாடு சென்னைக்கு ஆளுநர் ஆனார். அமெரிக்காவில் இருக்கிற யேல் பல்கலைக்கழகம் இவர் கொடுத்த நன்கொடையால் இவர் பெயரைப் பெற்றதுதான். அவர் காலத்தில் இந்தக் கடற்கரையிலிருந்து அடிமைகளைக் கப்பலேற்றினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வழிகாட்டிகள் பெரும்பாலும் கல்யாணத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ராபர்ட் கிளைவ் கல்யாணமும் இங்கேதான், 1753 பிப்ரவரி 18.

இந்தக் கருங்கல் தொட்டியைப் பாருங்கள். ஞானஸ்நானத் தொட்டி, பல்லாவரத்துக் கல். கொல்கத்தாவுக்கு அடித்தளம் போட்டவர் என்று சொல்லப்படும் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் மகள்கள் மூவருக்கு 1689இல் இந்த ஆலயத்தில் ஞானஸ்நானம் நடந்தது. அந்தக் குழந்தைகளின் தாய் இந்தியப் பெண். சார்னாக் இறந்தபின் கொல்கத்தாவில் அவர் சமாதிக்கு வைத்த கல்லும் இதே இனம்தான். பின்னாளில் புவியியலாளர்கள் அந்தப் பாறைக்கு சார்னாக்கைட் என்று அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். பல்லாவரம் மலைக்குத்தான் அந்தப் பெருமை போயிருக்க வேண்டும் என்பது என் கட்சி.

இப்போது வெளியே வரலாம். எனக்கு இங்கே மிகவும் பிடித்த இடம் இதுதான். தரை முழுக்கக் கல்லறைப் பலகைகள். ஆனால் கீழே யாரும் இல்லை! இந்தக் கல்லெல்லாம் வேறு இடத்திலிருந்து வந்தவை. பழைய ஆங்கிலேய இடுகாடு, இப்போது உயர் நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் பழைய சட்டக் கல்லூரி இருக்கிறதே, அங்கே இருந்தது. உயரமான சமாதிகளாகக் கட்டி வைத்திருந்தார்கள். 1758 டிசம்பரில் லாலி தலைமையில் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது, அந்தச் சமாதிகளே எதிரிக்கு நல்ல மறைவாகிவிட்டன. 1759 பிப்ரவரியில் முற்றுகை விலகியது. இன்னொரு தடவை அப்படி நடக்கக் கூடாது என்று சமாதிகளை இடித்து, பெயர் பொறித்த பலகைகளை மட்டும் இங்கே கொண்டுவந்தார்கள். அதோடும் முடியவில்லை. 1780களில் ஹைதர் அலியோடு போர் நடந்தபோது இந்தப் பலகைகளைப் பெயர்த்து பீரங்கி நிறுத்தும் மேடைக்குப் போட்டார்கள். அப்புறம்தான் திரும்பி வந்தன. உடைந்த மூலை எதையாவது பார்த்தால் மழையும் வெயிலும் மட்டும் காரணம் என்று நினைக்காதீர்கள்.

இவற்றில் மிகப் பழையது 1652ஆம் ஆண்டுக் கல், எலிசபெத் பேக்கர் என்ற பெண்ணுடையது. அதாவது ஆலயத்தைவிடக் கல்லுக்கு வயது அதிகம்.

கோபுரத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கோபித்துக்கொள்வீர்கள். அது முதலில் கட்டியதோடு சேர்ந்ததில்லை. 1701இல் கோபுரம், 1710இல் மேலே கூம்பு. இன்று நாம் பார்க்கிற கூம்பு 1795இல் திரும்பக் கட்டியது. பீடத்துக்கு மேலே இருக்கிற இராப்போஜன ஓவியம், அதாவது இயேசு சீடர்களோடு சாப்பிட்ட கடைசி விருந்தின் படம், 1761இல் புதுச்சேரியைப் பிடித்தபோது அங்கிருந்து எடுத்து வந்தது என்கிறார்கள்.

உள்ளே இன்னொன்று. தஞ்சையில் ஊழியம் செய்த ஸ்வார்ட்ஸ் ஐயர் என்ற பாதிரியாருக்குக் கம்பெனி வைத்த பளிங்குச் சிற்பம். அவரைத்தான் 1779இல் ஹைதரிடம் தூது அனுப்பினார்கள். அடக்கம் செய்தது தஞ்சையில். இங்கே இருப்பது நினைவுச் சின்னம் மட்டும். ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோவோ உண்மையிலேயே இங்கே இருக்கிறார். 1827இல் இன்றைய ஆந்திராவில் உள்ள பத்திகொண்டாவில் காலராவில் இறந்தார், முதலில் அங்கே குத்தி என்ற ஊரில் புதைத்தார்கள், 1831இல் இங்கே கொண்டுவந்தார்கள்.

வர நினைப்பவர்களுக்கு: தலைமைச் செயலகமும் ராணுவமும் இருக்கிற வளாகம் இது, அதனால் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். கேமரா எடுக்கும் முன் காவலரிடம் கேட்டுவிடுங்கள். இன்றும் ஆராதனை நடக்கிற ஆலயம், ஆராதனை நேரத்தில் சுற்றிப் பார்க்கப் போகாதீர்கள். பலகை எழுத்துகளைப் படிக்க ஆசை என்றால் காலையிலோ மாலையிலோ வாருங்கள். சாய்வான வெயிலில்தான் தேய்ந்த எழுத்து தெரியும்.