டிராக்குக்குப் போற மியாட்டா: முதல்ல பிரேக், அப்புறம்தான் சஸ்பென்ஷன்

(காட்சி: பிட் லேன்ல நிக்கிற முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5)

1989-ல வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5. செல்லமா மியாட்டா. ஆயிரம் கிலோவை ஒட்டின எடை, நாலு சக்கரத்துக்கும் டபுள் விஷ்போன், அதாவது மேலயும் கீழயும் ரெண்டு கை பிடிக்கிற சஸ்பென்ஷன். இதை டிராக்குக்குத் தயார் பண்றவங்க பெரும்பாலும் முதல் காசை காயிலோவர்ல, அதாவது உயரம் மாத்தக்கூடிய ஸ்பிரிங்-டேம்பர் செட்டுல போடுவாங்க. ஆனா ஓட்டத்தைப் பாதியில நிறுத்துறது பிரேக் ஆயில்.

ஏன்னு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓட்டுறவரோட சேர்த்து 1,100 கிலோன்னு வைங்க. 160 கிலோமீட்டர் வேகத்தை 80-க்குக் குறைச்சா, ஒரே மிதியில 800 கிலோஜூலுக்கு மேல சூடா மாறுது. ரோட்டுல 80-ல இருந்து 40-க்கு வர்றப்போ இதுல கால் பங்குதான். 1.6 லிட்டர் மாடல்ல முன் டிஸ்க்கே 235 மில்லிமீட்டர்தான். சூடு போக இடமில்லை.

(காட்சி: பெடல் குளோஸ்-அப்)

பிரேக் ரெண்டு விதமா கைவிடும். பெடல் கல்லு மாதிரி இருக்கு, ஆனா வண்டி நிக்கலைன்னா டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கிற பேட் அதோட வெப்ப எல்லையைத் தாண்டிடுச்சு. பெடல் பஞ்சு மாதிரி உள்ள போனா ஆயில் கொதிச்சு ஆவிக்குமிழ் வந்திருக்கு. முதலாவதுக்கு டிராக் பேட், ரெண்டாவதுக்குப் புது ஆயில். மாத்திப் பண்ணா காசு தண்டம்.

பிரேக் ஆயிலுக்கான டாட் 4 தரம் கேக்குற குறைஞ்சபட்சக் கொதிநிலை புதுசுல 230 டிகிரி, ஈரம் உறிஞ்சினப்புறம் 155. அதனால போன வருஷம் திறந்த பாட்டில் வேண்டாம். புதுசுல 300 டிகிரிக்கு மேல தாங்குற ரேஸ் ஆயில் அரை லிட்டர் பாட்டில் ரெண்டு வாங்குங்க. சிலிக்கான் டாட் 5 பக்கமே போகாதீங்க. மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்துல ஆரம்பிச்சு பிளீட் பண்ணுங்க, அதாவது பழைய ஆயிலையும் காத்தையும் வெளியேத்துங்க. பிரேக் ஆயில் டேங்க் ஒருதடவை காலியானாலும் காத்து உள்ள போயிடும், முதல்ல இருந்து செய்யணும்.

பேட் விஷயத்துல ஒரு எச்சரிக்கை. பின்னாடி முன்னாடியை விட அதிகமாப் பிடிக்கிற பேட் போட்டா, வளைவுக்குள்ள நுழையும்போது பின் சக்கரம் லாக் ஆகி வண்டி சுத்திடும். முன்னாடியும் பின்னாடியும் ஒரே காம்பவுண்டு (பேட் செஞ்ச கலவை), இல்லைன்னா முன்னாடி பிடி ஒரு படி கூட.

புது பேடைப் படிய வைக்க, மூடின டிராக்குல 100-ல இருந்து 20 வரைக்கும் எட்டு, பத்து தடவை அழுத்திக் குறைங்க. முழுசா நிறுத்தக் கூடாது. அந்தந்த பேட் கம்பெனி வேற முறை சொன்னா அதையே கேளுங்க. சூட்டோட நிறுத்தினா பேட் பொருள் டிஸ்க்குல ஒரே இடத்துல ஒட்டி அதிரும். "டிஸ்க் வளைஞ்சிடுச்சு"ன்னு மெக்கானிக் சொல்றது பல சமயம் இதைத்தான். ஓட்டி முடிச்சா ஒரு லேப் மெதுவா வந்துட்டு, ஹேண்ட் பிரேக் போடாம கியர்ல விடுங்க.

(காட்சி: டேம்பர் கம்பியில ஜிப் டை)

இப்போ சஸ்பென்ஷன். பார்க்க அழகா இருக்குன்னு ரொம்ப இறக்கிடாதீங்க. இந்தக் கார்ல மேல் நோக்கின டிராவல், அதாவது சக்கரம் மேல ஏற இருக்கிற இடம், ரொம்பக் குறைவு. இறக்கினா பம்ப் ஸ்டாப்ல (டிராவல் முடியிற இடத்துல தாங்குற கட்டை) உக்காந்துக்கும், அந்த நொடியில ஸ்பிரிங் ரேட், அதாவது ஸ்பிரிங்கோட விறைப்பு, தாறுமாறா ஏறி டயர் பிடியை விடும். டேம்பர் (ஷாக் அப்சார்பர்) கம்பியில ஒரு ஜிப் டை கட்டி ஓட்டிப் பாருங்க, எவ்வளவு தூரம் உள்ள போச்சுன்னு தெரியும். சஸ்பென்ஷன் மூட்டுல இருக்கிற ரப்பர் புஷ்ஷை மாத்தினா போல்ட்டை கடைசியா இறுக்குறது சக்கரம் தரையில நிக்கும்போதுதான். தொங்க விட்டு இறுக்கினா புஷ் முறுக்கிக்கிட்டே இருந்து சீக்கிரம் கிழியும்.

அலைன்மென்ட்டை ஓட்டுறவர் எடையை சீட்ல வச்சு எடுங்க. தொடக்கத்துக்கு முன் சக்கர கேம்பர் (சக்கரம் சாயிற கோணம், மைனஸ்னா மேல்பக்கம் உள்ள சாயும்) மைனஸ் 2.5-ல இருந்து 3 டிகிரி, பின் மைனஸ் 2-ல இருந்து 2.5. முன் டோ (மேல இருந்து பார்த்தா சக்கரம் திரும்பியிருக்கிற அளவு) பூஜ்யம், பின்னாடி மொத்தம் 2 மில்லிமீட்டர் டோ-இன், அதாவது முன் ஓரம் உள்பக்கம். பின் டோ வெளிப்பக்கம் திரும்பியிருந்தா பிரேக் போடும்போது பின்பக்கம் ஆடும்.

அப்புறம் டயர்கிட்ட கேளுங்க. பிட்டுக்குள்ள வந்த உடனே ஊசி வச்ச பைரோமீட்டர்ல (சூடு அளக்குற கருவி) டயரோட உள், நடு, வெளி மூணு இடத்துலயும் அளந்து பாருங்க. வெளி ஓரம் சூடுன்னா கேம்பர் பத்தலை. நடு சூடுன்னா காத்து அதிகம். ஒரு தடவைக்கு ஒரே மாற்றம்.

முதல் ரன் முடிஞ்சு சக்கரம் ஆறினதும் வீல் நட்டை டார்க் ரெஞ்ச்ல 110 நியூட்டன் மீட்டருக்குத் திரும்பப் பாருங்க.