வெறுங்காலோடு நடக்கும் கரும்புத் தொழிலாளி: ஆர்தர் லூயிஸின் கேள்வி

அவையோருக்கு வணக்கம்.

வளர்ச்சியியல் சிந்தனையாளர்களைப் பற்றிப் பேச வருகிறவர்கள் ரோஸ்டோ, பிரெபிஷ், ஹிர்ஷ்மன், சென் என்று பெயர்களை அடுக்கி, ஆளுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கிவிட்டு மேடையை விட்டு இறங்குவது வழக்கம். அத்தகைய உரைகளை நானும் நிகழ்த்தியிருக்கிறேன். கேட்டவர்களிடம் பெயர்கள் தங்கின. வேறெதுவும் தங்கியதாகத் தெரியவில்லை. ஆகவே இன்று ஒருவரை மட்டும், அவரை வாழ்நாள் முழுவதும் விடாமல் தொடர்ந்த ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி இதுதான். கரும்புச் சாகுபடியின் விளைச்சல், ஏக்கர் அளவில் பார்த்தால், எழுபத்தைந்து ஆண்டுகளில் மூன்று மடங்காகப் பெருகியது. கோதுமை அந்த வேகத்தில் முன்னேறவே இல்லை. ஆனாலும் கோதுமை விளைவிக்கிறவர்கள் உலகிலேயே வசதியாக வாழும் உழைப்பாளர் வரிசையில் இருக்கிறார்கள். கரும்பு வெட்டுகிறவரோ இன்னும் வெறுங்காலோடு நடக்கிறார், குடிசையில் படுக்கிறார். இத்தனை உற்பத்திப் பெருக்கமும் எங்கே போயிற்று? 1954ஆம் ஆண்டில் மான்செஸ்டர் ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்த ஒரு நீண்ட கட்டுரையின் பிற்பகுதியில் இந்தக் கேள்வி வருகிறது. எழுதியவர் வில்லியம் ஆர்தர் லூயிஸ். அந்தக் கட்டுரையின் முற்பகுதியைப் பொருளியல் மாணவர் அனைவரும் படிக்கிறார்கள். கரும்பு வெட்டுகிறவர் வரும் பிற்பகுதி பாடநூல்களில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

லூயிஸ் 1915ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் நாள், கரீபியக் கடலில் அன்று ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த சிறிய கரும்புத் தீவான செயின்ட் லூசியாவில் பிறந்தார். தாய், தந்தை இருவரும் பள்ளி ஆசிரியர்கள். ஏழு வயதில் தந்தையை இழந்தார். ஐந்து ஆண் பிள்ளைகளையும் தாயே வளர்த்து ஆளாக்கினார். பதினான்கு வயதிலேயே பள்ளிப் பாடம் முடிந்துவிட்டதால் அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். பொறியாளராக வேண்டும் என்பதே அவரது விருப்பம். ஆனால் கறுப்பினப் பொறியாளர் ஒருவரை அரசும் வேலைக்கு எடுக்காது, வெள்ளையரின் நிறுவனங்களும் எடுக்கமாட்டா என்பதால் அது வீண் என்று முடிவு செய்தார். உதவித்தொகை கிடைத்து லண்டன் பொருளியல் பள்ளிக்குப் போனபோது, பொருளியல் என்றால் என்னவென்றே தமக்குத் தெரியாது என்று பிற்காலத்தில் அவரே எழுதினார். அங்கேயே முதல் கறுப்பின ஆசிரியரானார். 33ஆம் வயதில் மான்செஸ்டரில் பேராசிரியரானார். (அதே தீவில், அதே ஜனவரி 23ஆம் நாளில், பதினைந்து ஆண்டுகள் கழித்துப் பிறந்தவர் கவிஞர் டெரக் வால்காட். லூயிஸைப் போலவே அவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு சிறு நகரத்துக்குரிய மக்கள்தொகை கொண்ட தீவு அது.)

இவருடைய புகழ்பெற்ற எண்ணம் நூலகத்தில் தோன்றியதன்று. 1952 ஆகஸ்டில், பாங்காக் நகரத்துத் தெரு ஒன்றில் நடந்துகொண்டிருந்தபோது அது தமக்குள் பளிச்சிட்டதாக அவர் சொல்லியிருக்கிறார். அதுவரை இரண்டு புதிர்கள் அவரை அலைக்கழித்துக்கொண்டிருந்தன. எஃகு விலை உயர்ந்தும் காப்பி விலை தாழ்ந்தும் இருப்பது ஏன் என்பது ஒன்று. தொழிற்புரட்சியின் முதல் ஐம்பது ஆண்டுகளில் இங்கிலாந்தில் இலாபமும் சேமிப்பும் ஏறிக்கொண்டே போனபோது தொழிலாளியின் கூலி மட்டும் ஏறாமல் நின்றது ஏன் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் விடை ஒன்றே என்பதுதான் பாங்காக் தெருவில் கிடைத்தது. உழைப்பு ஓர் அளவுக்கு உட்பட்டது என்று பொருளியலார் வைத்துக்கொண்ட அனுமானத்தைக் கைவிட்டால் போதும். நடப்புக் கூலிக்கு வரத் தயாராக எத்தனை பேர் வேண்டுமானாலும் வெளியே நிற்கிறார்கள் என்றால், கூலி ஏறாது. அதனால் காப்பி மலிவாகும், ஆலை முதலாளியின் இலாபம் பெருகும்.

பாடநூல்களில் உள்ள பகுதியைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஏழை நாட்டின் பொருளாதாரத்தில் இரண்டு துறைகள் உள்ளன. ஒன்று பிழைப்புத் துறை: குடும்ப நிலத்தில் நான்கு பேர் வேலையை ஆறு பேர் பகிர்ந்து செய்து, விளைந்ததை ஆறு பேரும் பகிர்ந்து உண்பது. மற்றொன்று முதலாளித்துவத் துறை: ஆலை, சுரங்கம், பெருந்தோட்டம். பிழைப்புத் துறையில் கிடைப்பதைவிட ஏறத்தாழ முப்பது விழுக்காடு கூடுதலாகக் கொடுத்தால் ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். இலாபம் மீண்டும் முதலீடாகும்; ஆலைகள் பெருகும்; ஒரு நாள் வெளியே நிற்கும் ஆட்கள் தீர்ந்துபோவார்கள்; அதன்பின்தான் கூலி ஏறத் தொடங்கும். தேச வருமானத்தில் நான்கைந்து விழுக்காடு மட்டுமே சேமித்துவந்த ஒரு சமூகம் பன்னிரண்டு முதல் பதினைந்து விழுக்காடு சேமிக்கும் சமூகமாக மாறுவது எப்படி என்பதையே வளர்ச்சிக் கோட்பாட்டின் மையச் சிக்கலாக லூயிஸ் கருதினார். ஐம்பதுகளில் விடுதலை பெற்ற நாடுகளின் திட்டக்குழுக்களுக்கு இது இனித்தது. வயலிலிருந்து ஆளை எடு, ஆலையில் போடு. வயலுக்கு நட்டமில்லை, நாட்டுக்கு இலாபம்.

ஆனால் லூயிஸ் சொன்னது அதோடு முடியவில்லை. தோட்டத்தின் கூலியைத் தோட்டத்துக்கு வெளியே உள்ள குடியானவரின் வருமானம்தான் நிர்ணயிக்கிறது என்றால், அந்தக் குடியானவர் முன்னேறாமல் இருப்பதில் தோட்ட முதலாளிக்கு நேரடி அக்கறை உண்டு. குடியானவருக்கு நல்ல விதை கிடைத்தால், அவரது நிலத்தில் விளைச்சல் கூடினால், தோட்டத்துக்கு அவர் மலிவாக வரமாட்டார். எனவே தோட்ட உரிமையாளர்கள் புதிய நுட்பமும் விதையும் குடியானவரைச் சென்றடைவதை விரும்புவதில்லை. அரசில் அவர்களுக்குச் செல்வாக்கு இருந்தால் அந்தச் செல்வாக்கை அதற்கு எதிராகவே பயன்படுத்துகிறார்கள். கணக்கும் வரைபடமுமாகச் செல்லும் கட்டுரையில் இந்த வரிகள் வரும்போது, 1930களின் கரீபியக் கரும்புத் தோட்ட வேலைநிறுத்தங்களைப் பற்றி 1939இலேயே சிறு நூல் எழுதிய இளைஞரின் குரல் கேட்கிறது.

கரும்பின் புதிருக்கும் விடை இதுவே. கரும்பில் விளைச்சல் எவ்வளவு பெருகினாலும், வெட்டுகிறவரின் கூலியை முடிவு செய்வது கரும்பு விளைச்சல் ஆகாது; கரும்பை விட்டால் அவர் தமது சிறு நிலத்தில் பயிரிடக்கூடிய உணவுப் பயிரின் விளைச்சல்தான். அது உயராதவரை, கரும்பில் செய்த ஆராய்ச்சியின் பலனெல்லாம் விலைக் குறைவாக, சர்க்கரை வாங்கும் நாட்டுக்குப் போய்ச் சேரும். ஏற்றுமதிப் பயிரில் மட்டும் ஆராய்ச்சியைக் குவித்த காலனிய வேளாண் துறைகள் மீது இதைவிடக் கடுமையான குற்றச்சாட்டை எந்தப் புரட்சிக்காரரும் வைத்ததாக நான் அறியேன்.

இந்தப் பார்வையோடுதான் அவர் பின்னாளில் கானாவான கோல்டு கோஸ்டுக்குப் போனார். 1953இல் அந்த நாட்டின் தொழில்மயம் பற்றி அவர் அளித்த அறிக்கை, ஆலைகளைப் பற்றிக் கேட்கப்பட்ட கேள்விக்கு, முதலில் உணவு விளைச்சலைப் பெருக்குங்கள் என்று விடை சொன்னது. 1957இல் விடுதலை பெற்ற கானாவில் பிரதமர் நிக்ரூமாவின் பொருளாதார ஆலோசகராக அமர்ந்தார். செலவுகளைப் பற்றி இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. அடுத்த ஆண்டு இறுதிக்குள் விலகினார். உங்கள் அறிவுரை பொருளியல் நோக்கில் சரியானதே, ஆனால் நான் அரசியல்வாதி, எதிர்காலத்தை வைத்துச் சூதாடத்தான் வேண்டும் என்ற பொருளில் நிக்ரூமா அவருக்கு எழுதினார். நிக்ரூமாவை எளிதில் பழித்துவிட முடியாது. விடுதலை பெற்ற மக்கள் கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்றைக் கேட்டார்கள். சேப்பங்கிழங்கும் மரவள்ளியும் கூடுதலாக விளைவதைத் திறப்புவிழா நடத்திக் காட்ட முடியாது.

இனி எதிர்ப்புகளுக்கு வருவோம். தியோடர் ஷுல்ட்ஸ் என்னும் அமெரிக்கப் பொருளியலாளர், எடுத்தாலும் விளைச்சல் குறையாத உபரி ஆட்கள் என்று வயலில் யாருமில்லை என்றார். அதை நிறுவ அவர் 1964இல் எடுத்துக்கொண்ட சான்று இந்தியாவினுடையது: 1918–19இன் பெருங்காய்ச்சல் (இன்ஃபுளுயன்சா). அந்தக் கொள்ளைநோய் இந்திய வேளாண் உழைப்பாளரில் சுமார் 8 விழுக்காட்டினரைக் கொண்டுபோயிற்று; அதற்கு முந்திய ஆண்டு ஒன்றோடு ஒப்பிட, சாகுபடிப் பரப்பு சுமார் 4 விழுக்காடு குறைந்தது. ஆட்கள் உபரியாக இருந்திருந்தால் பரப்பு ஏன் குறைய வேண்டும் என்பது அவரது வாதம். இலட்சக்கணக்கான சாவுகளை ஒரு பரிசோதனையாகப் படிப்பது மனத்தை உறுத்துகிறது. இருந்தாலும் வாதம் கூர்மையானது. 1967இல் அமர்த்தியா சென் இதற்கு மறுப்பு எழுதினார். ஆறு பேர் கொண்ட வீட்டிலிருந்து ஒருவர் நகரத்துக்குப் போனால் மீதி ஐவர் சற்றுக் கூடுதலாக உழைத்து அந்த இடத்தை நிரப்புவர். காய்ச்சல் அப்படி வீட்டுக்கு ஒருவராக எண்ணி எடுக்கவில்லை, சில வீடுகளை முழுவதுமாக முடக்கியது, சில வீடுகளைத் தொடவே இல்லை. இரண்டும் ஒரே சோதனை ஆகா. என் எண்ணத்தில் இந்தச் சுற்றில் சென்னுக்கே வெற்றி. ஆனால் 1979இல் நோபல் குழு ஒரே பரிசை லூயிஸுக்கும் ஷுல்ட்ஸுக்கும் பாதிப் பாதியாகப் பகிர்ந்தளித்துவிட்டது.

இதைவிட ஆழமாகத் தைத்த எதிர்ப்பு வேறு திசையிலிருந்து வந்தது. லூயிஸின் கட்டுரையில் உபரி ஆட்கள் வயலில் மட்டும் இல்லை; கப்பல் துறையில் பெட்டி தூக்க ஓடிவரும் இளைஞர்கள், அன்றாடத் தோட்டவேலைக்காரர், சில்லறை வியாபாரிகள், வீட்டு வேலையாட்கள் எல்லோரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். கானாவின் தலைநகரான அக்ராவில், நிமா என்ற ஏழைக் குடியிருப்பில் தங்கி ஆய்வு செய்த கீத் ஹார்ட் என்னும் மானிடவியலாளர், இவர்களில் யாரும் சும்மா இருக்கவில்லை என்று கண்டார். ஒருவரே காலையில் ஒரு வேலை, மாலையில் ஒரு வியாபாரம், இடையில் ஒரு தரகு என்று மூன்று வருமானங்களைக் கோத்துப் பிழைக்கிறார். 1971இல் அவர் முன்வைத்த இந்தக் கருத்து, அடுத்த ஆண்டே பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் கென்யா அறிக்கை வழியாக உலகெங்கும் பரவியது. முறைசாராத் துறை என்று இன்று நாம் சரளமாகச் சொல்லும் தொடர் அங்கிருந்து வந்ததே. இந்த எதிர்ப்பை நான் ஏற்கிறேன். உபரி என்ற சொல் கணக்கேட்டிலிருந்து பார்க்கிறவரின் சொல். பெட்டி தூக்குகிறவர் தம்மை உபரி என்று ஒருபோதும் எண்ணியிருக்கமாட்டார்.

ஆயினும் தோட்டக்கூலி பற்றிய லூயிஸின் விளக்கத்தை இந்த எதிர்ப்பு எதுவும் அசைக்கவில்லை. 1978இல் வெளியிட்ட தம் நூல்களில் அவர் அதை உலக அளவுக்கு விரித்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலும் அதையடுத்தும் இரண்டு பெரும் மனிதப் பெயர்வுகள் நிகழ்ந்தன என்கிறார். ஐரோப்பாவிலிருந்து சுமார் 5 கோடிப் பேர் அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற மிதவெப்ப நாடுகளுக்குப் போனார்கள். ஏறக்குறைய அதே 5 கோடிப் பேர் இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வெப்பமண்டலத் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் போனார்கள். முதல் கூட்டத்தாரை வரவழைக்க, சொந்த ஊரில் அவர்கள் ஈட்டியதைவிட அதிகம் கொடுக்க வேண்டியிருந்தது. 1900 வாக்கில் பிரிட்டனில் ஏக்கருக்கு 1,600 பவுண்டு கோதுமை விளைந்தது. வெப்பமண்டலத்தில் ஏக்கருக்குக் கிடைத்த தானியம் சுமார் 700 பவுண்டு. ஆகவே இரண்டாம் கூட்டத்தார் மலிவாகக் கிடைத்தார்கள். கம்பளியும் தேயிலையும் ஒரே உலகச் சந்தையில் விற்றாலும், ஆடு மேய்த்த ஆஸ்திரேலியரின் வீடும் கொழுந்து பறித்தவரின் வரிசைக் குடியிருப்பான லயமும் இரண்டு உலகங்களாக இருந்ததற்கு அவர் தந்த காரணம் இதுதான்.

இந்த இரண்டாம் பெயர்வில் நம்மவர்கள் இருந்தார்கள் என்பதை இந்த அவைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கண்டிச் சீமைக்கும் மலாயாவுக்கும் கங்காணியின் முன்பணத்தை நம்பிப் போனவர்கள், திருச்சி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கத்து மானாவாரி நிலங்களின் விளைச்சலைத் தங்கள் கூலியாகக் கூடவே சுமந்து சென்றார்கள். தேயிலையின் விலை லண்டன் ஏலத்தில் முடிவானது. கொழுந்து பறித்தவரின் கூலியோ, அவர் விட்டுவந்த ஊரின் வறண்ட வரப்பில் முடிவானது. ஊரில் கேழ்வரகு நன்றாக விளைந்திருந்தால் மலையில் கூலி கூட்டித் தர நேர்ந்திருக்கும். சாதியும் கடனும் பஞ்சமும் இந்தக் கணக்கில் எப்படிப் புகுந்தன என்பதை லூயிஸ் விரித்துரைக்கவில்லை. அது அவரது கோட்பாட்டின் குறை என்றே நான் கருதுகிறேன்.

இக்காலத்துக்கு ஒரு செய்தி சொல்லி அமர்கிறேன். 2005இல் சட்டமான ஊரக வேலை உறுதித் திட்டம், நம் வழக்கில் நூறு நாள் வேலை, வந்த நாளிலிருந்து நாற்றுப் பறிக்க ஆள் இல்லை, களையெடுக்க ஆள் இல்லை, கேட்ட கூலி கட்டுபடியாகவில்லை என்ற குறையைத் தஞ்சைப் பக்கம் போனாலும் கொங்குப் பக்கம் போனாலும் கேட்கிறோம். சோம்பலை வளர்த்துவிட்டார்கள் என்று அதற்குக் காரணமும் சொல்லப்படுகிறது. க்ளெமான் இம்பெர்ட், ஜான் பாப் என்னும் பொருளியலாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வு, இத்திட்டம் நன்கு நடைமுறைக்கு வந்த இடங்களில், வயல்வேலை குறைந்த கோடை மாதங்களில், தனியாரிடம் கூலிக்குப் போகிறவர்களின் கூலியும் உயர்ந்ததைக் காட்டியது; திட்டத்தில் ஒரு நாளும் மண்வெட்டி பிடிக்காதவருக்கும் அந்த உயர்வு கிடைத்தது. கூலிக்கு ஆள் வைக்கிற வசதியான குடும்பங்களுக்கு அதனால் செலவு கூடியது என்பதையும் அதே ஆய்வு கணக்கிட்டது. செயின்ட் லூசியாவின் கரும்புத் தோட்ட உரிமையாளர் குடியானவருக்கு நல்ல விதை போய்ச் சேரக்கூடாது என்று நினைத்ததற்கும், களையெடுக்க ஆளில்லை என்று இன்று நாம் கேட்கும் குறைக்கும் லூயிஸின் கட்டுரையில் ஒரே பக்கத்தில் விடை இருக்கிறது.

நன்றி.