ஒரே பந்தம், இரண்டு பெயர்

நேயர்களுக்கு வணக்கம். சமயச் சூழலில் வளர்வது அமானுஷ்ய நம்பிக்கையை எப்படி வடிவமைக்கிறது என்பதைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். உளவியல் வகுப்பில் இதைப் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன் என்றாலும், இந்தக் கேள்வி எனக்குள் விழுந்தது திருநெல்வேலிச் சீமையில், எங்கள் ஊர்ச் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவின்போதுதான்.

கொடை பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வில்லுப்பாட்டு உச்சத்துக்கு ஏறும்போது சாமியாடிக்கு அருள் வரும். நள்ளிரவில் அவர் தீப்பந்தத்தோடு சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் புறப்படுவார். அவருக்கு எதிரே யாரும் வரக்கூடாது என்பதால் தெருவே அடங்கிக் கிடக்கும். எங்கள் ஆச்சி கதவிடுக்கு வழியே பந்த வெளிச்சத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். அடுத்த வீட்டில் இருந்தவர்கள் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். என் பள்ளித் தோழியின் அம்மா அதே நேரத்தில் சன்னலைச் சாத்தி, பிள்ளைகளை முழங்காலில் நிற்கவைத்து ஜெபம் செய்வார். மறுநாள் காலையில் தோழி, "ராத்திரி உங்க பேய் போச்சே, பாத்தியா?" என்று கேட்டாள். நான் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்து முறையிட்டபோது ஆச்சி கோபப்படவில்லை. "அவுக வீட்ல அதுக்கு அப்படிப் பேரு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

இரண்டு வீட்டிலும் ஒருவர்கூட, தெருவில் ஒன்றுமே போகவில்லை என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். போனது எது என்பதில்தான் வழக்கு. இடையன்குடியில் வாழ்ந்த கிறிஸ்தவ மறைப்பணியாளர் கால்டுவெல், 1849-இல் வெளியிட்ட நூலில் இத்தகைய வழிபாட்டைப் பேய் வழிபாடு என்றே எழுதினார். என் தோழியின் வீட்டுச் சொல் அந்தக் காலத்திலிருந்தே அச்சில் இருக்கிறது.

இப்போது ஆய்வாளர்களிடம் வருகிறேன். அமானுஷ்ய நம்பிக்கையை அளக்க உலகெங்கும் பலர் பயன்படுத்தும் வினாநிரல் ஒன்று உண்டு. ஜெரோம் டோபாசிக் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சக ஆய்வாளரும் 1983-இல் அமைத்து, பின்னர் டோபாசிக் திருத்தியது. 26 கூற்றுகள், ஏழு பிரிவுகள். கறுப்புப் பூனை, உடைந்த கண்ணாடி, 13 என்ற எண், திபெத்தில் இருப்பதாகச் சொல்லப்படும் பனிமனிதன் எல்லாம் அதில் இருக்கின்றன. கடவுள், சாத்தான், சொர்க்க நரகம், அழியாத ஆன்மா ஆகியவை மரபுவழிச் சமய நம்பிக்கை என்ற தனிப் பிரிவில் இருக்கின்றன. மறுபிறவி எங்கே இருக்கிறது தெரியுமா? சமயப் பிரிவில் இல்லை. இறந்தோருடன் பேசுவது, ஆன்மா உடலைவிட்டு வெளியே சஞ்சரிப்பது ஆகியவற்றோடு ஆவியுலகப் பிரிவில் இருக்கிறது. இந்த இடத்தில் நான் சற்று நின்றுதான் ஆகவேண்டும். என் மாணவர்கள் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவர்கள். எங்கள் ஆச்சியிடம் இந்தத் தாளைக் கொடுத்திருந்தால், "போன பிறவியில் செய்த புண்ணியம்" என்று நாள்தோறும் சொல்லும் அவர் ஆவியுலக நம்பிக்கையில் மிகுந்த மதிப்பெண் பெற்றிருப்பார். அவரை ஆவியோடு பேசுபவர் என்று யாராவது சொல்லியிருந்தால் துடைப்பத்தைத் தேடியிருப்பார். சமயம் எது, அமானுஷ்யம் எது என்ற கோடு, வினாநிரலை எழுதியவர்கள் வளர்ந்த சமூகத்தில் போடப்பட்ட கோடு. அந்தக் கோட்டை வைத்துக்கொண்டு, பக்தி மிகுந்தவர்கள் பேயை அதிகம் நம்புகிறார்களா என்று எல்லா நாட்டிலும் கேட்டால், விடையில் பாதி கேள்வியிலேயே இருந்துவிடுகிறது.

ஆகவேதான் எனக்குத் தாள்களைவிடக் குழந்தைகளிடம் கேட்டுச் செய்த ஆய்வுகள் பிடிக்கும். 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், கிழக்கு ஸ்பெயினின் ஒரு நகரத்தில், கத்தோலிக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் சமயச் சார்பற்ற அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஒரு பொம்மலாட்டம் காட்டினார்கள். சுண்டெலியை முதலை விழுங்கிவிடுகிறது. பிறகு, செத்த எலிக்குப் பசிக்குமா, அதற்குத் தன் அம்மாவின் நினைவு இருக்குமா என்ற வகையில் கேள்விகள். கத்தோலிக்கப் பள்ளிப் பிள்ளைகள், இறந்த பிறகும் ஏதோ தொடர்கிறது என்று பொதுவாகக் கூடுதலாகச் சொன்னார்கள், அது எதிர்பார்த்ததுதான். ஆனால் இரு பள்ளிகளிலுமே, உடல் சார்ந்த செயல்கள் நின்றுபோகும் என்று ஒப்புக்கொண்ட அளவுக்கு, ஆசையும் உணர்ச்சியும் அறிவும் நின்றுபோகும் என்று பிள்ளைகள் ஒப்புக்கொள்ளவில்லை. வயது ஏற ஏற, எல்லாம் நின்றுவிடும் என்ற விடை இரு பக்கமும் கூடியது. இறந்தவருக்கு மனம் இருக்கும் என்ற எண்ணத்தைப் பள்ளி விதைக்கவில்லை, ஏற்கெனவே இருப்பதைத் தாங்கிப் பிடிக்கிறது என்றே நான் இதைப் படிக்கிறேன். செத்த எலி அம்மாவை நினைக்குமா என்று உங்கள் வீட்டுப் பிள்ளையிடமும் கேட்டுப் பாருங்கள். ஆனால் படுக்கப்போகும் நேரத்தில் கேட்காதீர்கள்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். அமுக்குவான் பேயைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். கனவு காணும் உறக்கத்தில் உடல் அசையாதிருக்கும். அந்த அசைவின்மை விலகுவதற்குள் விழிப்பு வந்துவிட்டால், அசைய முடியாமல் யாரோ அமுக்குவதுபோல் தோன்றும். அதுதான் அமுக்குவான். டென்மார்க்கையும் எகிப்தையும் ஒப்பிட்ட ஆய்வில், செத்துவிடுவோம் என்ற அச்சம் எகிப்தியரிடம் மிகுதியாக இருந்தது. அங்கே பலர் அதை ஜின்னின் வேலை என்கிறார்கள். எங்கள் தெருவிலோ, தலையணைக்கடியில் இரும்புச் சாவி வைத்துப் படுத்த வீடும் உண்டு, வேதப்புத்தகம் வைத்துப் படுத்த வீடும் உண்டு. இரண்டிலும் அமுக்குவான் வந்தது. நன்றி, வணக்கம்.