அசாம் பெடாஸ்: புளிப்பு செய்யும் வேலை

[காட்சி: அடுப்பில் கொதிக்கும் செந்நிறக் குழம்பு]

மலேசியாவின் மலாக்கா, ஜொகூர் மாநிலங்களிலும், இந்தோனேசியாவின் மேற்குச் சுமத்ராவிலும் அன்றாடம் உண்ணப்படும் மீன் குழம்பு அசாம் பெடாஸ். ஊறவைத்த காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, மஞ்சள் ஆகியவற்றோடு பெலாச்சான் எனும் இறால் விழுதையும் அரைத்து, எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை பொறுமையாக வதக்கிய பிறகே புளிக்கரைசலை ஊற்றுகிறார்கள். அவசரப்பட்டால் மிளகாயின் பச்சை வாடை கடைசிவரை போகாது.

புளிப்பு இங்கே இரு வழிகளில் வருகிறது. நம் புளி, டார்டாரிக் அமிலத்தால் புளிப்பையும், தன் சதையால் குழம்புக்குச் சற்றே அடர்த்தியையும் இனிப்பையும் தருகிறது. அசாம் கெப்பிங் என்னும் உலர்ந்த பழத்துண்டுகள் குழம்பைக் கெட்டியாக்காமல் கூர்மையான புளிப்பை மட்டும் இறக்குகின்றன; கேரளத்தின் குடம்புளியும் இலங்கையின் கொறுக்காயும் இதே தாவரப் பேரினத்தைச் சேர்ந்தவை. இவ்வகைப் புளிகளின் சாற்றை உடல் மெலிய உதவும் மாத்திரையாக விற்பவர்கள் உண்டு. அதற்கான சான்று வலுவற்றது என்பதால், குழம்பில் அந்தப் பலனை எதிர்பார்க்க வேண்டாம்.

[காட்சி: திருக்கை மீன் துண்டுகள்]

புளிப்பின் உண்மையான வேலையைத் திருக்கையில் காணலாம். இம்மீனின் தசையில் யூரியா மிகுதி. இறந்தபின் நுண்ணுயிரிகள் அதை அம்மோனியாவாக மாற்றுவதால் மூக்கைத் துளைக்கும் நெடி எழுகிறது. காரத்தன்மை கொண்ட அம்மோனியாவையும், பிற மீன்களில் கவுச்சியைத் தரும் அமைன்களையும் புளியின் அமிலம் ஆவியாகாத உப்புகளாக மாற்றிவிடுவதால் நெடி அடங்குகிறது. எஞ்சியதை, இறுதியில் சேர்க்கும் கெசும் என்னும் மணமூட்டும் இலையும், இரண்டாகப் பிளந்த காந்தான் என்னும் இஞ்சிக் குடும்பப் பூவின் மொட்டும் தம் மணத்தால் மறைத்துவிடும்.

சத்து என்று பார்த்தால் என் தேர்வு காணாங்கெளுத்தி. அதன் 100 கிராம் சதையில் சுமார் 20 கிராம் புரதமும், ஒமேகா 3 கொழுப்பும், பி12 வைட்டமினும் உள்ளன. பொரிக்காமல் குழம்பில் வேகவைப்பதால், மீனிலிருந்து கசியும் சத்துகளில் பெரும்பகுதி குழம்பிலேயே தங்கி, சோற்றோடு நம் வயிற்றுக்கு வந்துவிடுகிறது. உடன் வேகும் வெண்டைக்காய் நார்ச்சத்தைத் தருகிறது. புளியில் வெந்தால் அதன் வழுவழுப்பும் குறையும்.

தேங்காய்ப்பால் சேராததால் நிறைகொழுப்பு குறைவு. ஆனால் வதக்கும் எண்ணெயைக் கணக்கில் கொள்ளத்தான் வேண்டும். பெலாச்சானே உப்பிட்டுப் புளிக்கவைத்த பொருள் என்பதால், மீன் வெந்தபின் சுவை பார்த்தே உப்பைச் சேர்க்க வேண்டும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் குழம்பைக் குறைத்து, மீனையும் வெண்டைக்காயையும் கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம்.