சருகுக்கு அடியில் ஒரு ஊர்: ஒளிந்து வாழும் சிற்றெறும்புகளை வீட்டில் வளர்ப்பது

[காட்சி: உள்ளங்கையில் ஒரு காய்ந்த குச்சித் துண்டு. அதன் முனையில் உள்ள சிறு ஓட்டையிலிருந்து மஞ்சள் நிற எறும்பு ஒன்று தலையை நீட்டுகிறது.]

வணக்கம். என் கையில் இருக்கும் இந்தக் குச்சி ஒரு தீக்குச்சி நீளம்தான். இதற்குள் ஒரு ராணி, எண்பது தொண்ணூறு வேலைக்கார எறும்புகள், அவற்றின் முட்டைகள், புழுக்கள், கூட்டுப்புழுக்கள் எல்லாம் இருக்கின்றன. ஒரு முழுக் காலனிக்கு இவ்வளவு இடம் போதும்.

எறும்பு வளர்ப்பு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது பெரிய கண்ணாடித் தொட்டியும் அதில் ஆயிரக்கணக்கில் ஓடும் கட்டெறும்புகளும்தான். அதுவும் நல்ல பொழுதுபோக்கு. ஆனால் நான் பல வருடங்களாக விரும்பி வளர்ப்பது வேறு வகை. இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளம், ஒரு காலனியில் சில பத்துகள் முதல் இருநூறு எறும்புகள் வரை. சருகுக்கு அடியிலும், மக்கிய மரத்துக்குள்ளும், கல் இடுக்கிலும் ஒளிந்து வாழும். வரிசை கட்டிச் சர்க்கரை டப்பாவைத் தேடி வராது. பக்கத்திலேயே வாழ்ந்தாலும் பெரும்பாலானோர் இவற்றைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சின்ன எறும்பு எல்லாமே ஒளிந்து வாழும் எறும்பு அல்ல. ஃபாரோ எறும்பும் இரண்டு மில்லிமீட்டர்தான். ஆனால் அதன் காலனியில் பல ராணிகள் இருக்கும், காலனி துண்டு துண்டாகப் பிரிந்து புதிய இடங்களில் குடியேறும், கட்டடம் முழுக்கப் பரவும். தலை கறுத்து உடல் வெளிறிய டாபினோமாவும் அப்படித்தான். அவற்றை வீட்டுக்குள் கொண்டுவந்து வளர்க்கவே வேண்டாம்.

[காட்சி: இரண்டு மைக்ரோஸ்கோப் கண்ணாடித் தகடுகளுக்கு இடையே ஒரு காலனி, மேலிருந்து.]

முதலில் டெம்னோதொராக்ஸ். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு என் பரிந்துரை எப்போதும் இதுதான். ஓக் மரத்தின் உதிர்ந்த கொட்டை, உள்ளே கூடான குச்சி, பாறையின் மெல்லிய வெடிப்பு, இவைதான் இதன் வீடு. ஒரே கொட்டைக்குள் மொத்தக் காலனியும் அடங்கிவிடுவதால், கூட்டைத் தோண்டி எறும்புகளைப் பிரிக்கும் வேலை இல்லை. ராணியோடு முழுக் குடும்பமும் அப்படியே கிடைத்துவிடும்.

இதற்குக் கூடு செய்வதும் எளிது. ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனில் ஓர் அட்டை. நடுவில் ஒரு குழிவு வெட்டி, ஒரு பக்கம் இரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் வாசல் விட்டு, மேலும் கீழும் ஒவ்வொரு கண்ணாடித் தகடு வைத்தால் கூடு தயார். எறும்பும் தன் கையால் எண் சாண் என்பார்கள் அல்லவா? கூடு கட்டும்போது நம் சாணை மறந்துவிட்டு அதன் சாணால் அளக்க வேண்டும். நமக்குப் பாவமாகத் தெரியும் அளவுக்கு நெருக்கமான இடம்தான் அவற்றுக்குப் பிடிக்கும். வாசல் அகலமாக இருந்தால், வெளிச்சம் உள்ளே வந்தால், அவை அந்தக் கூட்டை விரும்பாது. கூட்டின் மேல் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் தாளைப் போட்டுவிடுங்கள். சிவப்பு ஒளி எறும்புகளின் கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது, நமக்கோ உள்ளே நடப்பது தெரியும். பக்கத்தில் கொஞ்சம் மணல் தூவினால், ஒவ்வொரு மணியாகத் தூக்கி வந்து தங்களுக்கு ஏற்ற அளவில் சுவர் எழுப்பிக்கொள்வதையும் பார்க்கலாம்.

அப்புறம், இந்த எறும்பை நான் இவ்வளவு விரும்புவதற்கான முக்கியக் காரணம் அது வீடு மாறும் விதம். பழைய கூட்டின் மேல் தகட்டை எடுத்துவிட்டு, பத்து சென்டிமீட்டர் தள்ளி ஒரு புதிய கூட்டை வையுங்கள். நீங்கள் எதையும் தூக்கிப் போட வேண்டியதில்லை. சற்று நேரத்தில் ஒரு எறும்பு புதிய இடத்தைக் கண்டுபிடித்து உள்ளே நுழையும். சுற்றிச் சுற்றி அளந்து பார்க்கும். பிடித்துவிட்டால் திரும்பி வந்து இன்னொரு எறும்பைக் கூட்டிக்கொண்டு போகும்.

[காட்சி: இரண்டு எறும்புகள் ஒன்றன்பின் ஒன்றாக. பின்னால் வருவது முன்னால் போவதைத் தட்டிக்கொண்டே வருகிறது.]

நன்றாகக் கவனியுங்கள். பின்னால் வரும் எறும்பு தன் உணர்கொம்புகளால் முன்னால் போவதன் வயிற்றையும் பின்னங்கால்களையும் தட்டிக்கொண்டே வருகிறது. தட்டல் நின்றால் முன்னால் போவது நின்று காத்திருக்கும். பின்னால் வருவது சுற்றுமுற்றும் பார்த்து வழியை மனதில் வாங்கிக்கொள்கிறது. மீண்டும் ஒரு தட்டல் விழுந்த பிறகுதான் பயணம் தொடரும். தனியாகப் போயிருந்தால் வழிகாட்டி எறும்பு ஏறக்குறைய நான்கு மடங்கு வேகமாகப் போயிருக்கும். தன் நேரத்தை இழந்து இன்னொன்றுக்கு வழி கற்றுத்தருகிறது. 2006ஆம் ஆண்டு நைஜல் ஃபிராங்க்ஸ், டாம் ரிச்சர்ட்சன் என்ற இரு ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் இதைக் கற்பித்தல் என்றே எழுதினார்கள். டெம்னோதொராக்ஸ் ஆல்பிபென்னிஸ் என்ற இனத்தில் அவர்கள் பார்த்தது அது. அதே நடையைச் சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து நானும் பார்த்திருக்கிறேன்.

புதிய கூட்டில் போதுமான எண்ணிக்கை சேர்ந்ததும் முறை மாறும். இனி வழி காட்டுவதில்லை. மற்றவர்களைத் தாடையால் கவ்விக் குண்டுகட்டாகத் தூக்கி வருகின்றன. அதுவரை தயங்கித் தயங்கி நடந்த குடிமாற்றம் அங்கிருந்து மூன்று மடங்கு வேகம் எடுக்கும். புழுக்கள், முட்டைகள், ராணி என எல்லாரும் வந்து சேர்ந்துவிடுவார்கள். சில மணி நேரம் ஆகும். அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

உணவு சுலபம். ஒரு பழ ஈயை நசுக்கி வைத்தால் சின்னக் காலனிக்கு இரண்டு மூன்று நாள் போதும். தேன் வைப்பதாக இருந்தால் ஊசி முனையளவு. இந்த அளவு எறும்புக்கு ஒரு தேன்துளி சதுப்பு நிலம் மாதிரி, விழுந்தால் மீள முடியாது. குளிர்நாட்டு இனங்களாக இருந்தால் அவற்றின் புழுக்கள் குளிர்காலத்தைக் கடந்துதான் வளரும். எனவே சில மாதங்கள் ஐந்து முதல் எட்டு டிகிரி குளிரில் வைக்க வேண்டும். வெப்பநாட்டு இனங்களுக்கு இது தேவையில்லை.

[காட்சி: கறுப்புக் கரித்துண்டின் மேல் வெள்ளைப் புள்ளிகளாகத் துள்ளும் பூச்சிகள்.]

அடுத்த எறும்புக்குப் போவதற்கு முன்னால் அதன் சாப்பாட்டைப் பார்த்துவிடலாம். ஈர மண்ணைக் கிளறினால் துள்ளித் துள்ளி ஓடும் வெள்ளைப் பூச்சிகளைப் பார்த்திருப்பீர்கள். அவைதான் ஸ்பிரிங்டெயில். வயிற்றுக்கு அடியில் மடித்து வைத்திருக்கும் கவட்டை போன்ற வாலைத் தரையில் அடித்து எகிறிக் குதிக்கும். சருகில் ஒளிந்து வாழும் எறும்புகளில் பல இவற்றை நம்பித்தான் வாழ்கின்றன. ஆகவே எறும்பு தேடுவதற்கு ஒரு மாதம் முன்பே இதை வளர்க்கத் தொடங்குங்கள். மூடியுள்ள டப்பாவில் அடுப்புக்கரித் துண்டுகள், பாதி உயரத்துக்குத் தண்ணீர், மேலே ஒரு சிட்டிகை ஈஸ்ட். சில நாளுக்கு ஒருமுறை மூடியைத் திறந்து காற்று விடுங்கள். பெருகிய பிறகு ஒரு கரித்துண்டை எடுத்து எறும்புக் கூட்டின் மேல் தட்டினால் போதும். சாப்பிடாமல் மிஞ்சியவை கூட்டில் பூஞ்சையைத் தின்று சுத்தம் செய்யும். வேறு எந்த எறும்புத் தீனிக்கும் இந்த நல்ல குணம் கிடையாது.

[காட்சி: நீண்ட தாடைகளை விரித்தபடி அசையாமல் நிற்கும் எறும்பு. எதிரே ஒரு ஸ்பிரிங்டெயில்.]

இதுதான் ஸ்ட்ருமிஜெனிஸ். உலகில் 800க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. தலை இதய வடிவம். நடை மிக மெதுவாக இருக்கும். தொந்தரவு செய்தால் உடலைச் சுருக்கி அப்படியே உறைந்துவிடும். அதனால் சருகைச் சலித்து வெள்ளைத் தட்டில் கொட்டும்போது உடனே தேடாதீர்கள். ஐந்து நிமிடம் கை வைக்காமல் காத்திருங்கள். மண் துகள் என்று நினைத்தது மெல்ல நகரத் தொடங்கும். ஈரம் தொட்ட மெல்லிய தூரிகையால் ஒற்றி எடுங்கள். இடுக்கி வேண்டாம், நசுங்கிவிடும்.

நீண்ட தாடை உள்ள இனங்கள் தாடையை அகல விரித்துப் பூட்டி வைத்துக்கொண்டு இரையை நோக்கி அங்குலம் அங்குலமாக நகரும். வாயருகே நீட்டியிருக்கும் மெல்லிய முடி இரையைத் தொட்ட கணமே தாடை அறைந்து மூடிக்கொள்ளும். துள்ளித் தப்பும் பூச்சியைப் பிடிக்க அந்த வேகம் வேண்டியிருக்கிறது. கண்ணால் அந்த அடியைப் பார்க்க முடியாது. ஒரு கணம் முன்பு வெளியே இருந்த பூச்சி மறுகணம் தாடைக்குள் இருக்கும், அவ்வளவுதான்.

மூன்றாவது ஹைப்போபொனேரா. கண் ஒரு புள்ளி அளவு, சிலவற்றுக்கு அதுவும் கிடையாது. ராணியும் வேலைக்கார எறும்பும் ஏறக்குறைய ஒரே உருவம். லென்ஸ் வைத்து மார்புப் பகுதியில் இறக்கை உதிர்ந்த தழும்பைத் தேடித்தான் ராணியை அடையாளம் காண வேண்டும். இதன் புழுக்களின் முதுகில் பிசுபிசுப்பான குமிழ்கள் இருக்கும். அவற்றால் புழுக்கள் கூட்டுச் சுவரில் ஒட்டிக்கொண்டு தொங்கும். கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கூடுதான் இதற்குச் சரி. பிளாஸ்டரோடு கரித்தூள் கலந்து ஊற்றுங்கள். கறுத்த தரையில் வெள்ளைப் புழுக்கள் பளிச்சென்று தெரியும்.

பிளாஸ்டர் கூட்டில் ஈரம்தான் உயிர். இதை நான் கற்றுக்கொண்டது ஒரு வெயில் காலத்தில். நான்கு நாள் ஊரில் இல்லை. திரும்பி வந்தபோது கூடு வெளிறிக் காய்ந்திருந்தது. முப்பது எறும்புகளும் கடைசியாக ஈரம் மிஞ்சிய ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்திருந்தன. பாதிக்கு மேல் உயிர் இல்லை. ராணி பிழைத்தது, ஆனால் அந்தக் காலனி பழைய நிலைக்கு வரவே இல்லை. அது இன்னும் எனக்கு வலிக்கிறது. அதன் பிறகு கூட்டை வெறுமனே வைப்பதில்லை. ஈரப் பஞ்சு வைத்த பெரிய டப்பாவுக்குள் வைத்து மூடுகிறேன்.

அதற்காகத் தண்ணீரை ஊற்றிக் குவிக்கவும் கூடாது. கண்ணாடியில் வியர்த்து நிற்கும் ஒரு துளி போதும், இந்த உடம்பைச் சிறைப்பிடிக்க. ஒரு முனையை ஈரமாகவும் மறுமுனையை உலர்வாகவும் வைத்துவிடுங்கள். எது தேவை என்று அவையே காட்டும். முட்டையும் சின்னப் புழுவும் ஈரப் பக்கம் போகும், கூட்டுப்புழுக்களைச் சற்று உலர்ந்த பக்கம் அடுக்கும். எல்லாவற்றையும் ஈர முனையில் ஒட்ட வைத்திருந்தால் தண்ணீர் குறைவு என்று பொருள்.

சரி, இன்னும் அரிதானவை உண்டு. ப்ரொசெராடியம் சிலந்தி முட்டைகளைத் தின்று வாழும். ஸ்டிக்மடோமா மண்ணில் நெளியும் மெல்லிய பூரான்களை வேட்டையாடும். ஸ்டிக்மடோமாவில் ஓர் இனத்தின் ராணி தன் புழுக்களின் தோலைக் கடித்து, அவற்றைக் கொல்லாமல் உடல்நீரைக் குடிப்பதை மசுகோ என்ற ஜப்பானிய ஆய்வாளர் 1986இல் விவரித்தார். கேட்கவே ஆசையாக இருக்கும். ஆனால் சிலந்தி முட்டையும் உயிருள்ள பூரானும் வாராவாரம் கிடைக்க வழி இல்லாதவர்கள் இவற்றை எடுத்து வரக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. பட்டினியில் சாகும்.

[காட்சி: சோதனைக் குழாய், பஞ்சு, ஒற்றை ராணி.]

தனி ராணியை வைத்துத் தொடங்குவது பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். பெரிய எறும்புகளில் பல இனங்களின் ராணி தன் உடம்பில் உள்ள சத்தை வைத்தே முதல் குஞ்சுகளை வளர்த்துவிடும். ஸ்ட்ருமிஜெனிஸ், ஹைப்போபொனேரா ராணிகளுக்கு அந்தச் சேமிப்பு போதாது. வெளியே வந்து வேட்டையாடித்தான் குடும்பத்தை உருவாக்கும். எனவே இருட்டில் வைத்து ஒரு மாதம் மறந்துவிடும் முறை இங்கே செல்லாது. ராணியுடன் குழாயிலேயே ஸ்பிரிங்டெயில்களை விட்டுவையுங்கள். பஞ்சை இறுக்கமாக அடையுங்கள். தளர்ந்த நூலிழைகளுக்குள் புகுந்து சிக்கிக்கொள்ளும்.

கூட்டை அடிக்கடி திறக்கக் கூடாது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் காற்று, வெளிச்சம், அதிர்வு எல்லாம் ஒன்றாக உள்ளே போகும். புழுக்களைத் தூக்கிக்கொண்டு ஓடும், சில நேரம் முட்டைகளைத் தின்றுவிடும். வாரம் இரண்டு முறை உணவு, ஈரம் குறைந்தால் தண்ணீர், மற்ற நேரம் சிவப்புத் தாள் வழியாகப் பார்வை மட்டும். ஜான் லபக் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 1870களிலேயே இரண்டு கண்ணாடிகளுக்கு இடையே எறும்புகளை வைத்து வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் இருந்த ஒரு ராணி 1874 முதல் 1888 வரை வாழ்ந்தது. நாம் எடுத்து வருவதும் அப்படி நீண்ட ஆயுள் கொண்ட உயிராக இருக்கலாம்.

அஞ்சலில் வெளிநாட்டு எறும்புகளை வரவழைக்காதீர்கள். பல நாடுகளில் அது சட்டப்படி குற்றம். 2025இல் கென்யாவில் ஆயிரக்கணக்கான ராணி எறும்புகளைக் கடத்த முயன்றவர்களுக்கு நீதிமன்றம் தண்டனையே விதித்தது. நீங்கள் நடந்து போகும் தூரத்தில் உள்ள சருகுக்கு அடியிலேயே இவற்றில் ஏதாவது ஒன்று இருக்க வாய்ப்பு அதிகம். அதிலும் அனுமதி இல்லாத காட்டுப் பகுதியில் கை வைக்காதீர்கள். ஓர் இடத்தில் ஒரு காலனிக்கு மேல் எடுக்காதீர்கள். புரட்டிய கல்லை அதே முகம் கீழே இருக்கும்படி திருப்பி வையுங்கள்.

வளர்க்க முடியாமல் போனால், எடுத்த அதே இடத்துக்குக் கொண்டுபோங்கள். மழைக்கு மறுநாள் மாலை நல்ல நேரம். கூட்டைச் சருகுக்கு அடியில் சாய்த்து வைத்து, மேல் தகட்டை மட்டும் எடுத்துவிட்டு, பக்கத்தில் உள்ளே கூடான ஒரு குச்சியைப் போட்டுவிடுங்கள். மறுநாள் போய்ப் பார்த்தால் கண்ணாடி காலியாகக் கிடக்கும்.

[காட்சி: சருகுகளுக்கு நடுவே காலியான கண்ணாடிக் கூடு. பக்கத்துக் குச்சியின் ஓட்டையில் இரண்டு உணர்கொம்புகள் அசைகின்றன.]