பத்மினியின் பிளக் மரை

நேயர்களுக்கு வணக்கம். பழைய பிரீமியர் பத்மினி காரை இன்னும் ஆசையாக வைத்து ஓட்டுகிறவர்களிடம் இன்று பேச வந்திருக்கிறேன். விஷயம் சின்னதுதான்: ஸ்பார்க் பிளக் மாட்டும் துளையின் மரை, அதாவது உட்பக்கத் திருகு வரிகள். ஆனால் அது கெட்டால் இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டே போய்விடும். புது ஹெட் இப்போது எளிதில் கிடைக்காது.

1964-இல் ஃபியட் 1100 டிலைட்டாக மும்பை குர்லாவில் வரத் தொடங்கி, பிறகு 1974-இல் பத்மினி என்று பெயர் மாறிய வண்டி இது. 1089 சிசி இன்ஜின். சிலிண்டர்கள் இருக்கும் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். பிளக்கின் உடம்போ எஃகு. கோணலாக ஏற்றி ஸ்பானரால் முறுக்கினால் பிளக்குக்கு ஒன்றும் ஆகாது, ஹெட்டின் மரைதான் வழித்துக்கொண்டு வரும். அந்தக் காலத்து அம்பாசடரில் ஹெட்டும் இரும்பு என்பதால் முரட்டுக் கையைத் தாங்கியது. அந்தப் பழக்கத்தோடு பத்மினியில் கை வைப்பதால்தான் பாதிச் சேதம்.

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகுதான் பிளக்கைக் கழற்ற வேண்டும். சுற்றியிருக்கும் மண்ணை முதலில் காற்றடித்து ஊதிவிடுங்கள். இறுக்கமாக வந்தால் வம்புக்கு இழுக்காதீர்கள். துருவை இளக்கும் எண்ணெய் விட்டுச் சற்றுப் பொறுத்து, கொஞ்சம் கழற்றி, கொஞ்சம் திரும்ப ஏற்றி, அப்படியே முன்னும் பின்னுமாக வெளியே கொண்டு வாருங்கள். வந்ததும் பிளக்கின் மரையை வெளிச்சத்தில் பாருங்கள். கறுப்பாக இருந்தால் அது கரி. வெள்ளிக் கம்பி போல மின்னும் துணுக்கு ஒட்டியிருந்தால் அது உங்கள் ஹெட்டின் மரை.

மரை கெட்டது என்றதும் டேப்பை எடுப்பது பல பட்டறைகளில் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. டேப் என்பது உலோகத்தை வெட்டும் கருவி. அதை விட்டுத் திருப்பத் திருப்ப நல்ல மரையும் தேய்ந்து, பிளக் லொடலொடவென்று ஆகிவிடும். அதிலும் ஒரு பெரிய ஆபத்து உண்டு. பிளக் மரை 14 மில்லிமீட்டர், பிட்ச், அதாவது அடுத்தடுத்த இரண்டு மரைகளுக்கு நடுவே உள்ள தூரம், 1.25 மில்லிமீட்டர். ஹார்டுவேர் கடையில் சும்மா 14 டேப் என்று கேட்டால் பிட்ச் 2 அல்லது 1.5 உள்ளதைக் கொடுப்பார்கள். அதை ஏற்றினால் அன்றோடு அந்த மரை முடிந்தது.

பெரும்பாலான துளைகளுக்குத் தேவை சுத்தம்தான். அதற்கு, மரையைப் புதிதாக வெட்டாமல் அழுக்கை மட்டும் எடுத்து நேராக்கும் சேசர் என்ற கருவி போதும். கடையில் கிடைக்காவிட்டால், அதே நீள மரையுள்ள பழைய பிளக் ஒன்றை எடுத்து, மரையின் குறுக்கே மேலிருந்து கீழாக ஹேக்ஸா பிளேடால் நான்கு பள்ளம் அறுங்கள். பிசிறை அரத்தால் தேய்த்து எடுங்கள். பள்ளத்தில் கெட்டி கிரீஸை அப்பிக் கையாலேயே ஏற்றுங்கள். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. வெளியே எடுத்தால் கரியும் அலுமினியத் தூளும் கிரீஸோடு வரும். துடைத்து, புது கிரீஸ் வைத்து, கிரீஸ் சுத்தமாக வரும் வரை செய்யுங்கள்.

கோணலாக ஏற்றிய துளையில் கெட்டிருப்பது வழக்கமாக வெளிப்பக்கம் முதல் இரண்டு மூன்று மரைகள்தான். உள்ளே உள்ளவை நன்றாக இருக்கும். இதற்கென்றே ஒரு சேசர் இருக்கிறது. சுருங்கிய நிலையில் துளைக்குள் போகும், நடு போல்ட்டைத் திருப்பினால் விரிந்து உள்ளே இருக்கும் நல்ல மரையைப் பிடித்துக்கொள்ளும். பிறகு அதை வெளியே திருப்பிக்கொண்டு வந்தால், நல்ல மரையே வழிகாட்ட, கெட்டது நேராகும். அந்தக் கருவியை யோசித்தவருக்குக் கும்பிடு போடலாம்.

சரி, வேலை முடிந்ததா? மெல்லிய குழாய் வைத்து சிலிண்டருக்குள் இருப்பதை வேக்குவமால் உறிஞ்சுங்கள். பிறகு பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலுக்குப் போகும் கரண்டைத் துண்டித்து, பிளக் எதுவும் இல்லாமல் இன்ஜினைச் சில சுற்று சுற்றவிடுங்கள். மிச்சத் தூளும் வெளியே வரும்.

மாட்டும்போது ஸ்பானரைத் தொடாதீர்கள். பிளக்கின் தலையில் ஒரு ரப்பர் டியூபைச் செருகி, முதலில் இடப்பக்கமாக மெல்லத் திருப்பினால் மரை விழும் இடம் ‘டக்’ என்று கைக்குத் தெரியும். அங்கிருந்து வலப்பக்கம். விரலால் முட்டும் வரை போன பிறகு, புது வாஷர் என்றால் ஸ்பானரால் அரைச் சுற்றுக்குச் சற்று மேல். இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். இரண்டு வாஷர் போடவே கூடாது. பிளக் மேலே நின்று, துளையின் அடி மரை வெறுமையாகிக் கரி பிடிக்கும்.

மரையே இல்லாமல் போயிருந்தால் ஹெட்டை இறக்கி லேத் பட்டறைக்குக் கொண்டு போங்கள். கம்பிச் சுருளான ஹெலிகாயிலைவிட, உள்ளே மரை உள்ள முழு எஃகு உருளையான புஷ் போடச் சொல்வேன். ஹெலிகாயில் சில சமயம் பிளக்கோடு சேர்ந்து கழன்று வருகிறது. புஷ்ஷின் அடி, பெட்ரோல் எரியும் அறைக்குள் துருத்தாமல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து வாங்குங்கள். துருத்திய விளிம்பு சூட்டில் பழுத்து, ஸ்பார்க் வருவதற்கு முன்பே பெட்ரோலைப் பற்ற வைத்துவிடும். வணக்கம்.