வரிசையில் முதல் ஆள் யார்?

வணக்கம் நேயர்களே. அரசாங்க ஆஸ்பத்திரியில் நம்பர் துண்டுக்குக் கியூவில் நின்ற அனுபவம் உங்களில் அநேகம் பேருக்கு இருக்கும். முந்தி வந்தவருக்கு முதல் துண்டு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் முந்தி வர முடிந்தவர் யார்? கொழும்பு ஆஸ்பத்திரி என்றால், பக்கத்தில் மருதானையில் இருப்பவர் விடிய எழும்பி நடந்தே வந்துவிடுவார். வடக்கே தூரத்திலுள்ள வவுனியாக்காரர் முதல் நாள் இரவே பஸ் ஏறி, கோட்டையில் இறங்கி, முகம் கழுவ இடம் தேடி, வந்து சேரும்போது துண்டு முடிந்திருக்கும்.

சரி, கியூ வேண்டாம், நாலு நல்ல மனுஷர் கூடித் தெரிவு செய்யட்டும் என்பீர்கள். அதையும் செய்து பார்த்தாயிற்று. 1960களின் தொடக்கம், அமெரிக்காவின் சியாட்டில் நகரம். சிறுநீரகம் பழுதானவர்களை டயலிசிஸ் செய்து, அதாவது மெஷினால் இரத்தத்தைச் சுத்தம் செய்து, வருஷக்கணக்காக வாழவைக்க வழி பிறந்துவிட்டது, ஆனால் மெஷின்கள் ஒரு சிலதான். வைத்தியர்கள் முதலில் வடிகட்டுவார்கள், மிச்சப் பேரில் யாருக்கு இடம் என்பதை ஏழு பேர் முடிவு செய்வார்கள்: ஒரு பாதிரியார், ஒரு சட்டத்தரணி, ஒரு வங்கிக்காரர், ஒரு இல்லத்தரசி, ஒரு அரச அதிகாரி, ஒரு தொழிற்சங்கத் தலைவர், ஒரு சத்திரசிகிச்சை நிபுணர். இவர்கள் எதைப் பார்த்தார்கள் தெரியுமா? கல்யாணமானவரா, பிள்ளைகள் எத்தனை, வருமானம் என்ன, கோவிலுக்குப் போகிறவரா என்றெல்லாம். கெட்டவர்கள் இல்லை, தங்களைப்போல இருப்பவர்களைத் தங்களுக்குப் பிடித்துப்போனது, அவ்வளவுதான். 1962இல் ஒரு பத்திரிகைக் கட்டுரையால் விஷயம் வெளியே வந்து பெரிய சர்ச்சை. 1972இல் சட்டம் வந்து, அநேகமாக எல்லோருடைய டயலிசிஸ் செலவையும் அரசாங்கம் ஏற்ற பிறகுதான் அந்தத் தலையிடி தீர்ந்தது.

அப்படியானால் கணக்குப் போடுவோம், ஒரு ரூபாய்க்கு யார் அதிக காலம் நலமாக வாழ்வாரோ அவருக்கே மருந்து என்கிறார்கள் பொருளாதாரக்காரர்கள். கணக்கு வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், கணக்கில்லாவிட்டால் செல்வாக்குள்ளவன் எடுத்துக்கொண்டு போய்விடுவான். ஆனால் அந்தக் கணக்கில், ஏற்கெனவே நோயாளியாக, ஊனத்தோடு இருப்பவர், நலமாக வாழும் காலம் குறைவு என்று பெரும்பாலும் பின்னுக்குத்தான் நிற்பார். 2022இல் நாட்டில் டொலர் இல்லாமல், மருந்தும் இல்லாமல், பேராதனை ஆஸ்பத்திரியில் அவசரமில்லாத சத்திரசிகிச்சைகளைத் தள்ளிவைத்தார்கள், வேறு வழியும் இருக்கவில்லை. குடலிறக்கம் உயிர்போகிற காரியமில்லைதான், ஆனால் புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிறவருக்கு அந்தச் சத்திரசிகிச்சைதான் அன்றன்றைய சோறு.

தயாரிப்பாளர் மணிக்கூட்டைக் காட்டுகிறார். சமநிலையில் இருவர் நின்றால் சீட்டுக் குலுக்குவது பற்றிப் பேச வைத்திருந்தேன், அது இன்னொரு நாளைக்கு. ஒன்று மட்டும்: காலைத் துண்டுகளில் கொஞ்சத்தைத் தூர ஊர்க்காரருக்கு என்று பத்து மணிவரை எடுத்து வைக்கலாமே, அதற்கு டொலர் தேவையில்லை. வணக்கம்.